பிட்டர் வீட்டக்கா

மூக்குத்தி கழல மாட்டேன் என்றது. கல்யாணத்துக்கு முன்னால் போட்டது, திருகு மூக்கோடு மூக்காகப் படிந்துபோயிருந்தது. ஸ்கேன் சென்டர் பெண் சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் திருகி எடுப்பதற்குள் தர்மாம்பாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வலியிலா கோபத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே பெரிய காந்தம் இருக்கு பாட்டி, உலோகம் எதுவும் கூடாது, என்றாள் பெண். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்று சொல்ல வாயெடுத்தவள் வேண்டாமென்று விட்டுவிட்டாள். ரயில் பெட்டிக்குப் பெயிண்ட் அடித்தவன் பெண்டாட்டிக்கு இந்த அளவு தெரியும் என்று இந்தச் சின்னப் பெண்ணிடம் நிரூபித்து என்ன ஆகப்போகிறது. வளையல், காது ஓலை, புடவையில் குத்தியிருந்த ஊக்கு, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் போய், தட்டு வெளியே மகனிடம் போனது. காதில் பஞ்சை அடைத்து, தலைக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றைக் கவிழ்த்து, கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, பயமா இருந்தா இதை அமுக்குங்க, ஆனா அசையக் கூடாது, அசைஞ்சா திரும்ப முதல்லேருந்து எடுக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பலகை உள்ளே நகர்ந்தது. மூக்குக்கு மேல் ஒரு சாண் இடம்கூட இல்லை. மூக்குத்தி இல்லாத மூக்கில் ஏசிக் காற்று பட்டுக் குளிர்ந்தது, அங்கே கையைக் கொண்டுபோகக் கூடாது, அசையக் கூடாது.

அந்தப் பேர். அதை வைத்துத்தான் எல்லாம். காலையில் கார் ஓட்டிக்கொண்டே லெனின் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல் கேட்டான். ஆமாம், மகன் பேர் லெனின், ஊருக்கெல்லாம் வீட்டுக் கடன் வாங்கிக் கொடுக்கிற பேங்கில் மேனேஜர், கஸ்டமர்கள் கொஞ்சம் சிரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். ‘ஏம்மா, காலனில நம்ம பக்கத்து வீட்ல ஒரு அக்கா இருந்தாங்கன்னு சொல்லுவியே, ஸ்டிரைக்ல எல்லாருக்கும் சேர்த்துச் சோறு பொங்குனாங்கன்னு, அவங்க பேரு என்னம்மா?’ அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஒன்றும் இல்லை. ரோட்டில் ஒரு லாரி, ஒரு சாமியார், ஒரு ஜவுளிக்கடை போர்டு எல்லாம் கடந்து போயின, பேர் வரவில்லை. சும்மா கேட்கிற கேள்வியா இது. டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டுப் பேசியதைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து அவள் கேட்டிருந்தாள்: காலையில என்ன சாப்பிட்டோம்கிறது மறக்கறது பெரிசில்ல சார், வயசானா அப்படித்தான், பழசு நிக்குதான்னு பாருங்க, பழசும் போச்சுன்னாதான் யோசிக்கணும். அடுப்பை அணைக்காமல் விட்டதும், பேத்தியைப் பேர் மாற்றிக் கூப்பிட்டதும் எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் இது பழசு. இது அடியிலேயே கிடக்கிற பழசு. இது போயிற்றென்றால் அதற்கு மேலே இருப்பதெல்லாம் எதன் மேல் நிற்கிறது? உள்ளே வரும்போதே அவள் தனக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள். இந்த மெஷின் நிற்பதற்குள் அந்தப் பேர் வந்துவிட்டால் தனக்கு ஒன்றும் இல்லை. வராவிட்டால் டாக்டர் படத்தைப் பார்க்கவே வேண்டாம்.

மெஷின் தட்ட ஆரம்பித்தது. பஞ்சை மீறிக் கொண்டு டக்டக்டக்கென்று, பிறகு ஒரே இழுப்பாக உறுமல், பிறகு மறுபடி தட்டல். இது அவளுக்குப் புதிது இல்லை. இதைக் கேட்டுக்கொண்டேதான் அந்தக் காலத்தில் அரிசி களைந்தாள், புடவை துவைத்தாள். ரயில் ஒர்க்ஷாப் சுவர் அந்தப் பக்கம், காலனி வீடுகள் இந்தப் பக்கம், நாள் பூராவும் இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம், சங்கு ஊதினால் நிற்கும், நின்றதும் காது வலிக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து வயல் ஊரில் தவளைச் சத்தத்தைத் தவிர எதையும் கேட்டறியாமல் வந்தவளுக்கு முதல் வாரம் தலையே வெடித்துவிடும்போல் இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலிருந்து, ‘இன்னும் பத்து நாள் போனா சத்தம் நின்னாத்தான் தூக்கம் வராது பாரு’ என்றாள் அவள். அவள்தான். மேரியா? ரோசலின்? ஞானம்? கிறிஸ்தவர்கள் என்பது நிச்சயம், கதவுக்கு மேலே மாதா படம் இருந்தது, அதற்குப் பக்கத்திலேயே கட்சிக்காரர்கள் மாட்டுகிற தாடிக்காரர் படமும் இருந்தது, இரண்டுக்கும் ஒரே ஊதுபத்தி. மேரி என்று வைத்துப் பார்த்தால் முகம் ஒட்டவில்லை. ஞானம் ஒட்டுகிறது, ஆனால் அது ஒர்க்ஷாப் கேண்டீன்காரர் அம்மா. அ, ஆ, இ என்று வரிசையாகப் போய்ப் பார்த்தாள், அன்னம்மா, ஆரோக்கியம், இருதயமேரி, எல்லாப் பேரும் எல்லாருக்கும் பொருந்துகிறது. முகம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. கறுத்த, எலும்பான முகம், சிரித்தால் ஈறு தெரியும், கழுத்தில் மஞ்சள் கயிற்றில் சிலுவை, கையில் எப்போதும் ஏதாவது பாத்திரம். குரல் இருக்கிறது. வாசனைகூட இருக்கிறது, லைப்பாய் சோப்பும் வெங்காயமும். பேருக்கு மட்டும் ஓட்டை.

பிட்டர் வீட்டக்கா. அப்படித்தான் வருகிறது, திரும்பத் திரும்ப அதுதான் வருகிறது, செருப்பில் ஒட்டிய தார் மாதிரி. அந்தக் காலனியில் பொம்பளைகளுக்கு அதுதான் வழக்கம். ஆம்பளை எந்த வேலை செய்கிறானோ அதுதான் அவளைக் கூப்பிடுகிற பேர். இரும்புப் பாகங்களைப் பொருத்துகிறவன் பிட்டர், அவன் பெண்டாட்டி பிட்டர் வீட்டம்மா. டர்னர் வீட்டம்மா, கார்ப்பெண்டர் வீட்டுச் சின்னம்மா, பாய்லர் ஷாப்புக்காரர் சம்சாரம். ஒருத்தருக்குப் பிரமோஷன் வந்தால் மறுநாள் காலையில் குழாயடியில் அவர் பெண்டாட்டி பேரும் மாறிவிடும். நேற்று வரை மோல்டர் வீட்டம்மாவாக இருந்தவள் இன்று சார்ஜ்மேன் வீட்டம்மா, குடம் வைக்கிற இடமும் இரண்டு குடம் முன்னால் வந்துவிடும். தர்மாம்பாள் பெயிண்டர் வீட்டுப் புதுப் பொண்ணு. மாமியார் ஊரில் கட்டிய மூட்டை முடிச்சோடு தை மாதம் வந்து இறங்கியபோதே அந்தப் பேர் காத்திருந்தது. வந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்து வீட்டு முன்ரூமில் ஆம்பளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், டவுனிலிருந்து ஒரு தோழர் துணிப்பையோடு வந்து பேசிக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்காரர் வைத்திலிங்கமும் அங்கேதான் இருந்தார், கல்யாணப் பத்திரிகையில் இதை யாரும் போடவில்லை. கம்யூனிஸ்ட் என்றால் அவளுக்குத் தெரிந்தது அப்பா சொன்னதுதான். வயலைப் பிடுங்குவான், கோயிலைப் பூட்டுவான், உன் அண்டா குண்டாவெல்லாம் பொது என்பான். அவள் உள்ளே போய்ச் சீராக வந்த பித்தளைப் பானையையும் பட்டுப் புடவைகளையும் பரணில் விறகுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். சாயங்காலம் வீட்டுக்காரர் வெந்நீருக்கு விறகெடுக்கப் போய்ப் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். இப்போது நினைத்தால் இவளுக்கும் சிரிப்பு முட்டுகிறது. சிரித்தால் தலை அசையும்.

வகுப்பு என்று பேர், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு. வகுப்பு ஆம்பளைகளுக்கு, டீ பொம்பளைகளுக்கு, அதாவது போட்டுக் கொடுக்கிறது. ஆனால் அந்த அக்கா அடுப்படியிலிருந்தே வகுப்பில் இருப்பாள். ‘தோழர், கொஞ்சம் சத்தமா, இங்க ஸ்டவ்வு எரியிறதுல கேக்கல’ என்று கத்துவாள். அவர் நல்ல மனுஷர், தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொல்லுவார். ஆம்பளைகள் நெளிவார்கள். கேட்டதைச் சுவர் வழியாக அவள் தர்மாம்பாளுக்குச் சொல்லுவாள், தனக்கே பாதி பிடிபடாததை, பிடிபட்ட சந்தோஷத்தோடு. ‘இந்தா பாரு புள்ள, ஒன் வீட்டுக்காரரு காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் பெயிண்ட் அடிக்கிறாரு. மத்தியானம் வரைக்கும் அடிச்சதுலயே அவரு கூலி வந்துருச்சு. அதுக்கு மேல அடிக்கிறது பூரா அடுத்தவனுக்கு. அதான் உபரி.’ தர்மாம்பாள் நன்றாக யோசித்துவிட்டுத்தான் கேட்டாள். ‘அப்ப மத்தியானமே வீட்டுக்கு வந்துர வேண்டியதுதானேக்கா?’ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் அந்த அக்கா, உட்கார்ந்து சிரித்தாள், எழுந்து மறுபடி சிரித்தாள். சாயங்காலத்துக்குள் காலனி பூரா பரவிவிட்டது, பெயிண்டர் வீட்டுப் புதுப் பொண்ணு மத்தியானமே சங்கு ஊதச் சொல்லுதாம் என்று. அவமானமாகத்தான் இருந்தது. கோபத்தில் இன்னொன்றும் கேட்டுவைத்தாள். ‘அவங்க செய்யறதுக்கு மத்தியானம்னு ஒரு கணக்கு இருக்கு. நாம செய்யறதுக்கு எங்கக்கா மத்தியானம்?’ சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள், ஒரு ஆளைப் புதிதாகப் பார்ப்பதுபோல. ‘அது தெரியலையே புள்ள. அடுத்த வகுப்புல கேட்டுச் சொல்றேன்’ என்றாள். கேட்கவும் செய்தாள். டவுன் தோழர் அது பெரிய விஷயம், தனியா ஒரு வகுப்பு வெச்சுத்தான் பேசணும் என்றார். அந்த வகுப்பு வருவதற்குள் ஸ்டிரைக் வந்துவிட்டது.

‘பாட்டி, நல்லா இருக்கீங்களா? இன்னும் கொஞ்ச நேரம்தான். எச்சில்கூட மெதுவா முழுங்குங்க.’ எங்கிருந்தோ ஸ்பீக்கரில் குரல் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றால் பேருக்கும் இன்னும் கொஞ்ச நேரம்தான். உடம்பு வியர்த்தது, அந்தக் குளிரிலும். கையிலிருந்த பந்தை அமுக்கிவிடலாமா? அமுக்கினால் வெளியே எடுத்துவிடுவார்கள், முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், பந்தயத்துக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். சீச்சி, அது அழுகுணி ஆட்டம். பேர் வரவில்லை என்றால் லெனின் கண்டுபிடித்துவிடுவான், அவன் கண்டுபிடித்தது அவன் முகத்தைப் பார்த்தாலே இவளுக்கும் தெரிந்துவிடும். வீட்டைப் பூட்டித் தன்னோடு பெங்களூருக்குக் கூட்டிப்போய், கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைப்பான். அன்பாகத்தான் வைப்பான். அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருடைய மகன் இவன் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். அதற்கு முன்னால் இதைப் பிடித்துவிட வேண்டும். எங்கேயாவது யாராவது அந்த அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள், அந்த இடத்துக்குப் போய் நின்றால் காதில் விழும். ஸ்டிரைக்குக்குப் போவோம். அங்கேதான் கூட்டம் அதிகம்.

கத்திரி வெயில். சங்கு ஊதவில்லை. அந்த அக்கா சொன்னது சரியாகப் போயிற்று, சத்தம் இல்லாமல்தான் யாருக்கும் தூக்கம் வரவில்லை. ஆம்பளைகள் யாரும் வீட்டில் இல்லை. பிடிபட்டவர்கள் ஜெயிலில், பிடிபடாதவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழைத் தோப்புகளில். வைத்திலிங்கம் எங்கே என்று அவளுக்கே தெரியாது. குழாயில் தண்ணீர் நின்றது, கடைக்காரர் கடனை நிறுத்தினார், சம்பளம் நின்றுபோய் ஒவ்வொரு வீட்டிலும் அரிசி டின் தட்டினால் சத்தம் போட்டது. ஒரு நாள் காலையில் அந்த அக்கா கோயில் திருவிழா அண்டாவை இரண்டு பேரோடு சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் வைத்தாள். ‘தனித்தனியா பொங்குனா நாலு நாள்ல பத்து வீடு பட்டினி, பத்து வீடு மிச்சம் வெச்சுக்கிட்டு ஒளிச்சு ஒளிச்சுத் திங்கும். ஒண்ணாப் பொங்குவோம். இருக்கறத இருக்கறவங்க கொண்டாங்க. இல்லாதவங்க வெறகு பொறுக்குங்க. திங்கறது எல்லாருக்கும் ஒரே அளவு.’ எந்த வகுப்பிலும் இப்படி நறுக்கென்று யாரும் சொல்லவில்லை. சார்ஜ்மேன் வீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள், பிறகு மத்தியானம் ஒரு முறம் அரிசியோடு வந்தாள். முறத்திலும் சட்டியிலும் முந்தானையிலுமாக வந்து விழுந்தது அரிசி, ரேஷன் அரிசி, புழுங்கல், பச்சரிசி, ஊரிலிருந்து வந்த சிவப்பு அரிசி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஒன்றாகக் களைந்து உலையில் போட்டாள் அந்த அக்கா. பார்க்கப் பிரமாதமாக இருந்தது. வெந்து இறங்கியபோது பச்சரிசி கஞ்சியாகிவிட்டது, சிவப்பு அரிசி கல் மாதிரி பல்லில் கடித்தது, நடுவில் ரேஷன் புழுங்கல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. ‘இதுதான் ஒங்க பொதுவுடைமையா?’ என்று கேட்டாள் டர்னர் வீட்டம்மா, வாயிலிருந்து ஒரு பருக்கையைத் துப்பி. எல்லாரும் சிரித்தார்கள், பசியோடு. அந்த அக்கா மட்டும் அண்டாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள், முகம் அழுதுவிடும்போல் இருந்தது.

தர்மாம்பாள் அதுவரை அண்டாவுக்குப் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தாள். அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள், கண்ட வீட்டில் கை நனைக்காதே என்று, கண்ட வீடு என்றால் எந்த வீடு என்று அம்மா சொல்லவில்லை, சொல்லாமலே தெரியும். அந்த நிமிஷத்தில் அம்மா ஞாபகம் வரவில்லை. அரிசியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இப்படியா, என்ற ஆத்திரம்தான் வந்தது. வயல்காரன் மகள் அவள். ‘எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா எப்படிக்கா வேகும்? தனித்தனியா ஊற வைக்கணும். செவப்ப முதல்ல போடணும். அது பாதி வெந்ததும் புழுங்கல். பச்சரிசியக் கடைசியாப் போட்டாப் போதும்.’ அவ்வளவு பேர் முன்னால் அவள் பேசியது அதுதான் முதல் தடவை, கடைசியில் குரல் உடைந்துவிட்டது. அந்த அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கரண்டியை நீட்டினாள். ‘நாளைக்கு நீதான் நிக்கிற.’ மறுநாள் அவள்தான் நின்றாள். எந்தக் குடித்தனக்காரி எந்த அரிசி கொண்டுவந்தாலும் அவளிடம் காட்டித்தான் போட வேண்டும், அவள் கையில் எடுத்து, கடித்துப் பார்த்து, இது இந்தச் சட்டியில், இது அந்தச் சட்டியில் என்று சொல்லுவாள். அவள் சொல்ல, அந்தக் கூட்டம் கேட்டது. அப்பா வீட்டில் அவள் சொல்லி நாய்க்குட்டிகூடக் கேட்டதில்லை. அன்று சோறு ஒரே பக்குவமாக வெந்தது. தட்டில் வாங்கிக்கொண்டு, அந்த அக்காவுக்குப் பக்கத்தில், தொடை தொடையில் படத் தரையில் உட்கார்ந்தாள். சுண்டவத்தல் குழம்பு, புகை வாசம், வேர்வை. முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது கை கொஞ்சம் நின்றது. அந்த அக்கா கவனித்தாள், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்புறம் தர்மாம்பாள் சாப்பிட்டாள். சாப்பிட்டாள் என்றால் அப்படிச் சாப்பிட்டாள். பிற்பாடு எத்தனையோ கல்யாண விருந்து, பேரப்பிள்ளைகள் அழைத்துப்போன ஏசி ஓட்டல், அந்தச் சோறு எங்கேயும் கிடைக்கவில்லை.

புருஷன் எங்கே இருக்கிறான் என்று தெரியாத அந்த நாட்கள்தான் தன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வைத்திலிங்கத்திடம் எப்படிச் சொல்வது? அவர் வாழைத் தோப்பில் கொசுக்கடியில் கிடந்து, காய்ச்சலோடு திரும்பி வந்தவர். ஆனால் உண்மை அதுதான். காலையில் எழுந்ததும் இன்று என்ன என்று மனசு துள்ளியது. மரத்தடியில் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் பேசாத பேச்சில்லை. உலகத்தில் எங்கேயோ பெரிய பெரிய நாடுகளில் பட்டினியே கிடையாதாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தனி வீடாம், சமையலுக்குத் தனி வீடாம், பொம்பளை மத்தியானத்துக்கு மேல் படிக்கப் போவாளாம். பாதி புளுகாக இருக்கலாம். பின்னால் அந்த நாடுகள் ஒவ்வொன்றாக உடைந்ததை டிவியில் பார்த்தபோது வைத்திலிங்கம் ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை. அவளுக்கு அப்படி ஒன்றும் இடிந்துபோகவில்லை. அவள் பார்த்தது அண்டாவைத்தான், அதில் வெந்ததைத் தின்றவள் அவள். ஸ்டிரைக் முடிந்தது, தோற்றுத்தான் முடிந்தது. சிலரைத் திரும்பச் சேர்த்தார்கள், சிலரைச் சேர்க்கவில்லை, பிட்டருக்கு வேலை போயிற்று. ஒரு காலை நேரம் லாரி வந்து நின்றது. கட்டில், டிரங்குப் பெட்டி, மாதா படம், தாடிக்காரர் படம் எல்லாம் ஏறின. தர்மாம்பாளுக்கு அப்போது வயிற்றில் இவன், மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டே ஓடிவந்து லாரியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ‘யக்கா, யக்கா.’ அவ்வளவுதான் சொல்ல வந்தது. லாரி போன திசையில் திண்டுக்கல் இருக்கிறது, அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. வைத்திலிங்கம் பிள்ளைக்கு லெனின் என்று பேர் வைத்தார், அவள் சரி என்றாள்.

யக்கா. அதில் தடுக்கி நின்றாள். லாரியைப் பிடித்துக்கொண்டு அழுகிறவள்கூட யக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். சரி, மற்றவர்கள்? ஒவ்வொருவராக அந்த மரத்தடிக்குக் கூட்டிவந்து வாயைப் பார்த்தாள். டர்னர் வீட்டம்மா எப்படிக் கூப்பிட்டாள்? பிட்டரம்மா. கடைக்காரர்? பிட்டர் வீட்டம்மா. டவுன் தோழர்? தோழர் வீட்டம்மா, டீ நல்லாருக்கு. அந்த அக்காவின் வீட்டுக்காரரோ, ஏ இந்தா, இங்க வா. பிள்ளைகள் அம்மா. லத்தியோடு வந்து வீடு வீடாகத் தேடிய போலீஸ்காரன், ஏம்மா, எங்க ஒன் புருஷன். ஸ்டிரைக் சமயத்தில் பேரைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் நல்லது என்பார்கள், அது ஆம்பளைகளுக்கு. பொம்பளைகள் பேரை எந்தப் போலீசும் கேட்கவில்லை. மெஷின் உறுமுகிறது, இன்னும் உள்ளே, இன்னும் அடியில், முதல் நாளுக்கே போனாள். தை மாதம், மூட்டை முடிச்சு, குழாயடி. பக்கத்துச் சுவரிலிருந்து எலும்பான முகம் எட்டிப் பார்க்கிறது. ‘யாரு, புதுசா?’ ‘பெயிண்டர் வீடுங்க.’ ‘அது ஒன் வீட்டுக்காரரு வேலை. ஒம் பேரு என்னா?’ யாரும் கேட்டிராத கேள்வி, அவள் திணறிப்போய்ச் சொல்கிறாள், தர்மாம்பாள். ‘தர்மாம்பா. நல்ல பேரா வெச்சுக்கிட்டுப் பெயிண்டர் வீடாம்ல.’ அன்றிலிருந்து காலனியில் அவளை அந்த ஒரு குரல் மட்டும் தர்மாம்பா என்று கூப்பிட்டது. பிறகு ஒவ்வொருத்தியாக அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் பதிலுக்கு என்ன கேட்டாள்? இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை, திரும்பத் திரும்ப அதே குழாயடி. அவள் வாயைப் பார்த்தாள், அந்த இருபது வயசு வாயை. அது சிரித்தது. ‘ஒங்க வீட்ல என்ன வேலைக்கா?’ என்று கேட்டது. ‘பிட்டரு’ என்றாள் அந்த அக்கா. அதோடு சரி. பேர் மறக்கவில்லை. பேர் அவளுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வினாடி சந்தோஷம் பொங்கிற்று, பந்தயம் அவள் பக்கம்தான், எதுவும் ஓட்டையாகவில்லை, போட்டு வைக்காததை எப்படித் தொலைக்க முடியும். அடுத்த வினாடியே அது வடிந்தது. எந்த ஊர்த் தலைவர் பேரையோ பிள்ளைக்கு வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் பேரை ஒருத்தரும் கேட்கவில்லை. நெற்றிப் பொட்டில் இரண்டு பக்கமும் கண்ணீர் சூடாக வழிந்து காதுப் பஞ்சில் இறங்கியது. துடைக்கக் கூடாது, அசையக் கூடாது.

மெஷின் நின்றது. நின்றதும் காது வலித்தது. பலகை வெளியே நகர்ந்து, கூண்டை எடுத்தார்கள், வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ‘அழுதீங்களா பாட்டி? பயந்துட்டீங்களா?’ என்று கேட்டுக்கொண்டே பெண் முதுகில் கைகொடுத்து உட்கார வைத்தாள். வெளியே நீல நாற்காலியில் லெனின், மடியில் பிளாஸ்டிக் தட்டு, அதில் வளையல்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது இவனுக்கும். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தான். ‘என்னம்மா, கண்ணு கலங்கியிருக்கு?’

‘அந்த அக்கா பேரு’ என்றாள். ‘நான் மறக்கலடா. எனக்குத் தெரியாது. நான் கேக்கவே இல்ல.’

அவன் முகம் சட்டென்று வாடியதை அவள் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தையிடம் பேசுகிற குரலுக்கு மாறினான். ‘சரிம்மா. சரி. பரவால்ல.’

‘இல்லடா, நெஜமா. யாருமே கேக்கல. அவங்க என் பேரக் கேட்டாங்க, நான் திருப்பிக் கேக்கல.’

‘சரி, விடும்மா, அத விடு.’ வளையலை அவள் கையில் ஒவ்வொன்றாக ஏற்றினான். மனசு கேட்காமல் இன்னொன்று கேட்டான். ‘அவங்க வீட்டுக்காரர் பேராவது ஞாபகம் இருக்கா?’

அவன் கேட்டு முடிக்கவில்லை. ‘அ. சவரிமுத்து’ என்றது அவள் வாய், இனிஷியலோடு.

லெனினுக்கு உயிர் வந்தது. ‘பாத்தியாம்மா’ என்று அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான், கண்ணெல்லாம் சிரிப்பு. ‘எல்லாம் இருக்கு. ஒண்ணும் போகல.’